உறுதி என்று நான் போட்ட தலைப்பு

போன வாரம் காலையில் கைபேசியில் இங்கிலாந்துச் செய்தி ஒன்றைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ தெருச்சண்டை. சந்தேகத்தின் பேரில் இரண்டு இளைஞர்களைப் போலீஸார் பிடித்துப்போய் ஒரு நாள் முழுக்க விசாரித்திருக்கிறார்கள். செய்தியின் கடைசி வரி இது: "அவர்கள் இருவரும் கட்டணம் ஏதுமின்றி விடுவிக்கப்பட்டனர்." பக்கத்தில் இருந்த என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஊர்ல லாக்கப்புக்கு வாடகை உண்டாப்பா?" என்று கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் கிளம்பிப் போய்விட்டாள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் ஆங்கிலம் எனக்குத் தெரியும். 'ரிலீஸ்ட் வித்தவுட் சார்ஜ்' என்று பிரிட்டிஷ் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். வழக்கு எதுவும் தொடராமல் அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் பொருள். அந்தப் பையன்களைப் பொறுத்தவரை அந்தச் செய்தியிலேயே முக்கியமான வரி அதுதான். தமிழில் அது காணாமல் போய்விட்டது. மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு எடுத்ததை யாரும் ஒரு முறைகூடப் படித்துப் பார்க்காமல் ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடு நெடுநேரம் இருக்க முடியவில்லை. இதே சொல்லில், இதைவிடப் பெரிய பிழை ஒன்றை நான் செய்திருக்கிறேன். எந்த மென்பொருளும் அதைச் செய்யவில்லை. இரவு பதினோரு மணிக்கு, சுயநினைவோடு, தெரிந்த சொல்தானே என்ற நம்பிக்கையோடு நானே செய்தேன். 2009-ஆம் வருடம். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

ஒரு சொல், பத்து வேலை

திருச்சியில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். பெரும்பாலும் இரவு ஷிப்ட். ஏஜென்சிச் செய்திகள் ஆங்கிலத்தில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். எடிஷன் முடிவதற்குள் அவற்றைத் தமிழாக்கி, தலைப்புப் போட்டு, பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் பொருளாதாரச் செய்தியையும் விஞ்ஞானச் செய்தியையும் கண்டு பயப்படுவார்கள். அவற்றில் வரும் சொற்களுக்கு அகராதியை எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அகராதியை எடுக்கவே தோன்றாத சொற்கள் இருக்கின்றனவே, அவைதான் ஆளைக் கவிழ்க்கும். அந்த வரிசையில் சார்ஜுக்கு முதலிடம் தருவேன்.

நாம் தமிழில் பேசும்போதும் சார்ஜ் உண்டு. போனுக்குச் சார்ஜ் போடுகிறோம். பஸ் சார்ஜ் ஏறிவிட்டது என்கிறோம். புது தாசில்தார் சார்ஜ் எடுத்துவிட்டாரா என்று விசாரிக்கிறோம். கூட்டத்தில் லத்தி சார்ஜ் என்றால் ஓடுகிறோம். பேச்சுத் தமிழில் இந்த நாலைந்தோடு அதன் புழக்கம் ஏறக்குறைய முடிந்துவிடும். செய்தி ஆங்கிலத்தில் அது எங்கே எந்த வேடத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஆட்சியர் சார்ஜ் எடுத்தால் பொறுப்பேற்றார். அவர் வரும்வரை அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டவர் இன்சார்ஜ். அவர் பதவிக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போடுவோம். தூதர் இல்லாத தூதரகத்தை நடத்துகிறவர் சார்ஜ் டி அஃபேர்ஸ், தமிழில் பொறுப்புத் தூதர். 2019 ஆகஸ்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் உறவைக் குறைத்துக்கொண்ட பிறகு டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் அப்படிப்பட்டவர்கள்தான் தூதரகங்களுக்குத் தலைமை தாங்கினார்கள். இதுவரை எல்லாம் பொறுப்பு. சரி, இதை வைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போனால் அங்கே அரசு ஊழியர் ஒருவருக்குச் சார்ஜ் மெமோ கொடுத்திருப்பார்கள். அது பொறுப்பு இல்லை. துறை நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் இருக்கும் யாரிடமும் '17பி' என்று சொன்னால் போதும், முகம் மாறிவிடும். பெரிய தண்டனை வரை போகக்கூடிய நடவடிக்கைக்கான விதி அது. நேற்றுச் சார்ஜ் எடுத்தவர் இன்று சார்ஜ் வாங்கலாம்.

விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளரின் 'யங் சார்ஜஸ்' என்று வரும். அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட இளம் வீரர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர், பயிற்சியாளர் தன் மீதான குற்றச்சாட்டுகளைப் பார்த்துப் பெருமிதம் அடைந்தார் என்று எழுதியதை, கடைசி நிமிடத்தில் செய்தி ஆசிரியர் பிடித்தார். பட்ஜெட் சமயத்தில் 'சார்ஜ்டு' செலவு என்று ஒன்று வரும். குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், அரசு வாங்கிய கடனுக்கான வட்டி போன்றவை தொகுப்பு நிதியில் இருந்து நேரடியாகப் போகும். அவற்றைப் பற்றி நாடாளுமன்றத்தில் விவாதிக்கலாம். வாக்கெடுப்புக்கு விட முடியாது. அரசியல் சட்டத்தின் 112, 113-வது பிரிவுகள் இதைச் சொல்கின்றன. இதைக் 'கட்டணச் செலவு' என்று மொழிபெயர்த்த ஒரு கட்டுரையை நான் பார்த்திருக்கிறேன். படித்தவர் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

யானைச் செய்தியை மட்டும் சொல்லிவிடுகிறேன், அது முக்கியம். காட்டோரத்தில் யானை ஒன்று ஜீப்பைச் சார்ஜ் செய்தது என்று வரும். பாய்ந்து வந்தது என்று பொருள். மோதியது என்று பொருள் இல்லை. காதை விரித்துக்கொண்டு, மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்து, பத்தடி முன்னால் நின்றுவிடும் யானைகள் உண்டு. 'இதற்கு மேல் வராதே' என்று மிரட்டுவது அது. அதை 'ஜீப்பைத் தாக்கிய காட்டு யானை' என்று தலைப்புப் போட்டால், அந்த யானையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி ஊரில் மறியல் நடக்கும். யானை செய்யாத காரியத்துக்கு யானையின் மேல் பழி. ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் யார் தலையில் போய் விழும் என்பதற்கு இந்த வாயில்லாத ஜீவன் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும்.

இத்தனை பொருளும் எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் பார்த்தேன். எல்லாமே ஒரே வண்டியில் இருந்து இறங்கியவை. லத்தீனில் வண்டிக்கு 'காரஸ்'. வண்டியில் பாரம் ஏற்றுவது 'காரிகாரே'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. கார், கார்கோ, கேரி எல்லாம் அதற்குப் பங்காளிகள். பேட்டரியில் மின்சாரம் ஏற்றுவது, துப்பாக்கியில் மருந்து ஏற்றுவது, ஒருவர் தோளில் பொறுப்பை ஏற்றுவது, தலையில் பழியை ஏற்றுவது, கணக்கில் செலவை ஏற்றுவது. எல்லாம் ஏற்றுவதுதான். இதைப் படித்தபோது முதலில் தோன்றியது நம்முடைய 'சுமத்து'. பழி சுமத்துகிறோம். பொறுப்பைச் சுமத்துகிறோம். வரி சுமத்துகிறோம். எங்கேயோ ரோமாபுரி வண்டிக்காரனும் இங்கே நம் ஊர்ச் சுமைகூலியும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் என்றால் சுமையை இறக்குவது. ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகிறோம். நீதிமன்றத்திலும் டிஸ்சார்ஜ் உண்டு. விசாரணை தொடங்கும் முன்பே, வழக்கு நடத்த ஆதாரம் போதாது என்று விடுவிப்பது. விசாரித்து முடித்து விடுதலை செய்வது வேறு. தமிழில் விடுவிப்பு, விடுதலை என்று இரண்டு அருமையான சொற்கள் இருந்தும், இரண்டையும் நாங்கள் மாற்றி மாற்றித்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

தடியடி

ஆங்கிலத்தைவிடத் தமிழ் நேர்மையாக நிற்கும் ஒரு இடமும் இந்தச் சொல்லில் இருக்கிறது. லத்தி சார்ஜ் என்பதில் இருக்கும் சார்ஜ், பாய்ந்து ஓடுவது. எதிரே ஒரு படை நிற்கிறது, இந்தப் பக்கத்துப் படை அதன் மேல் பாய்கிறது என்ற போர்க்களக் காட்சி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எதிரே நிற்பவர்கள் கையில் ஒன்றுமே இல்லாதபோதும் அதே சொல்தான். 1928 அக்டோபர் 30 அன்று லாகூரில் சைமன் கமிஷனை எதிர்த்து ஊர்வலம் போன லாலா லஜபதி ராய் மீது விழுந்ததும் லத்தி சார்ஜ்தான். நவம்பர் 17-ல் அவர் இறந்துபோனார். 1930 மே 21 அன்று குஜராத்தின் தராசனா உப்பளத்தை நோக்கிச் சுமார் 2,500 தொண்டர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். இரும்புப் பூண் போட்ட தடிகளால் அவர்களை அடித்துச் சாய்த்தார்கள். அடியைத் தடுக்க ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை என்று எழுதினார் அங்கே இருந்த யுனைடெட் பிரஸ் நிருபர் வெப் மில்லர். அவர் அனுப்பிய செய்தி உலகத்தை உலுக்கியதற்குக் காரணம், சார்ஜ் என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளாமல், தடி மண்டையில் விழும் சத்தம் வரைக்கும் எழுதியதுதான் என்று நான் நம்புகிறேன்.

தமிழில் இதற்கு யாரோ ஒருவர் 'தடியடி' என்று சொல் கண்டுபிடித்தார். யார் என்று தெரிந்தால் கும்பிடுவேன். போலீஸ் எப்படி ஓடியது என்பது பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையே இல்லை. தடி, அடி. அடிபட்டவன் பக்கத்தில் இருந்து பார்த்த சொல். 'லேசான தடியடி' என்று அதற்கு முன்னால் ஒரு அடைமொழியைச் சேர்த்து அதையும் நீர்க்க வைத்துவிட்டோம் என்பது வேறு விஷயம். 'மைல்டு லத்தி சார்ஜ்' என்று போலீஸ் குறிப்பில் வருவதை அப்படியே எடுத்துப் போடுவோம். அடி லேசா இல்லையா என்பதை அடி வாங்கியவர் அல்லவா சொல்ல வேண்டும்? நான் டெஸ்கில் இருந்த கடைசி சில வருடங்கள் அந்த 'லேசான' என்பதை எடுத்துவிட்டுத்தான் பக்கத்துக்கு அனுப்பினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த இரவு

2009 மார்ச் மாதம். மாவட்டத்தில் ஒரு சிறு ஊரின் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் கணக்கில் பணம் குறைந்தது என்று முன்னாள் செயலாளர் மீது ஒரு வழக்கு. அவர் கைதானபோது செய்தி போட்டோம். ஜாமீனில் வந்தபோது போடவில்லை. அந்த இரவு, ஆங்கிலத்திலும் எழுதுகிற ஒரு நிருபர் நான்கு வரிக் குறிப்பு ஒன்றை ஆங்கிலத்திலேயே அனுப்பியிருந்தார். முன்னாள் செயலாளருக்கு எதிராகச் 'சார்ஜஸ் ஃபிரேம்டு' என்று இருந்தது. பக்கத்தில் மூன்று காலம், அதாவது மூன்று பத்தி அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. பழைய கைதுச் செய்தியில் இருந்து பின்னணியை எடுத்துச் சேர்த்துப் பெரிதாக்கினேன். ஃபிரேம் என்றால் சட்டம் போடுவது, அசையாமல் பொருத்துவது என்று மனதில் ஓடியது. குற்றச்சாட்டைப் பொருத்திவிட்டார்கள், உறுதி செய்துவிட்டார்கள். தலைப்பை அடித்தேன்: 'கூட்டுறவு சங்க மோசடி: மாஜி செயலாளர் மீது குற்றச்சாட்டு உறுதி.' மணி பதினொன்று பத்து. பக்கம் போய்விட்டது.

மறுநாள் மாலை நான் அலுவலகம் வந்தபோது வரவேற்பறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. எடுக்க மறந்து வந்திருக்கிறார். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தச் செயலாளர் அவருடைய தம்பி. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையில் இருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று எங்கள் செய்தி, ஓரம் பிசிறில்லாமல் வெட்டியது. இன்னொன்று நீதிமன்றத்தில் வாங்கிய நகல்.

"சார், நான் எட்டாவது வரைக்கும்தான். தப்பா இருந்தா சொல்லுங்க. இந்தக் கோர்ட் பேப்பர்ல உறுதின்னு எங்க இருக்கு?"

வாங்கிப் படித்தேன். எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் இப்படித்தான் எழுதும்) மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 409-வது பிரிவின் கீழ் குற்றச்சாட்டு வனையப்பட்டு, படித்துக்காட்டி விளக்கப்பட்டது என்றும், எதிரி குற்றத்தை மறுத்தார் என்றும் இருந்தது. சாட்சி விசாரணைக்குத் தேதி போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். உறுதி எங்கேயும் இல்லை. அவருடைய தம்பி அங்கே கூண்டில் நின்று, நான் செய்யவில்லை என்று சொன்ன அதே நாளில், அவர் செய்தது உறுதி என்று நான் ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"பேப்பர்லயே உறுதின்னு போட்டாச்சே, இன்னும் என்ன கேஸுன்னு கேக்குறாங்க சார். வக்கீல் சொல்லிப் பாக்குறாரு. யாரும் நம்பல. வக்கீல் காசு வாங்குறவரு, பேப்பர் பொய் சொல்லாதுங்கறாங்க."

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இடம் குறைவு, தலைப்புக்குச் சின்னச் சொல்தான் பொருந்தியது என்று ஏதோ முனகியிருப்பேன். அவர் போன பிறகு எழுத்தை எண்ணிப் பார்த்தேன். உறுதி, மூன்றெழுத்து. மற்ற பத்திரிகைகள் வழக்கமாகப் போடுவது 'குற்றச்சாட்டு பதிவு'. பதிவு, அதுவும் மூன்றெழுத்து. இடம் காரணமே இல்லை.

வனைதல்

அந்த நகலில் இருந்த 'வனையப்பட்டு' என்ற சொல்லை நான் அதுவரை செய்தியில் பார்த்ததில்லை. சக்கரத்தில் மண்ணை வைத்துப் பானை வனைவதுதான் எனக்குத் தெரிந்த வனைதல். நீதிமன்றத் தமிழில் சார்ஜ் ஃபிரேம் செய்வதற்கு அதுதான் சொல் என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார். சட்டக் கல்லூரிப் பாடப் புத்தகங்களிலும் கீழமை நீதிமன்றத் தீர்ப்புகளிலும் பல காலமாக இருக்கிறதாம். யோசிக்க யோசிக்க அந்தச் சொல்லின் அருமை கூடிக்கொண்டே போகிறது. போலீஸார் கொண்டுவந்து கொட்டுவது மண். வாக்குமூலங்கள், கணக்குப் புத்தகங்கள், மகஜர்கள். நீதிபதி அதைப் படித்துப் பார்த்து, இந்த ஆள் மீது இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன செயலைச் செய்ததாக, இன்ன பிரிவின் கீழ் என்று ஒரு வடிவம் கொடுக்கிறார். அது இன்னும் பச்சைப் பானை. சூளைக்குப் போகவில்லை. சாட்சிகளையும் குறுக்கு விசாரணையையும் தாண்டி நிற்குமா, விரிசல் விடுமா என்பது இனிமேல்தான் தெரியும். நான் அந்தப் பச்சைப் பானையைச் சுட்ட பானை என்று விற்றுவிட்டேன்.

இந்த வனைதல் எதற்காக என்பதையும் அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். நான் அதை அரசுத் தரப்பின் வெற்றி மாதிரி எழுதியிருந்தேன். உண்மையில் அது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. உன் மேல் என்ன சொல்கிறோம் என்பதைத் துல்லியமாக எழுதி, நீதிமன்ற மொழியில் எழுதி, உனக்குப் படித்துக்காட்டி, விளங்கும்படி சொல்லி, ஒப்புக்கொள்கிறாயா அல்லது வழக்கை நடத்துகிறாயா என்று உன்னைக் கேட்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். எதை எதிர்த்து வாதாடப் போகிறோம் என்றே தெரியாமல் ஒருவர் கூண்டில் நிற்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. அந்தக் கட்டத்தில் நீதிபதி பார்ப்பது, குற்றம் நடந்திருக்கும் என்று கருத முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டுமே. பழைய சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் குற்றச்சாட்டின் மீதான முதல் விசாரணை நாளில் இருந்து 60 நாட்களுக்குள் இதைச் செய்ய வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள். மற்றபடி அடிப்படை மாறவில்லை.

வனைதலுக்கு ஒரெழுத்துத் தள்ளி 'புனைதல்' இருக்கிறது. புனையப்பட்ட வழக்கு என்றால் பொய்வழக்கு. வியப்பு என்னவென்றால், ஆங்கிலத்தின் ஃபிரேமிலும் இதே ஆபத்து உண்டு. சார்ஜை ஃபிரேம் செய்தால் நீதிபதியின் வேலை. ஆளை ஃபிரேம் செய்தால் அவர் மேல் பொய்யாக ஜோடித்துச் சிக்கவைப்பது. இரண்டு மொழியிலும் நேர்மையான வேலையும் அயோக்கியத்தனமும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. அதனால்தானோ என்னவோ பத்திரிகைகள் வனைதலைத் தொடவில்லை. பதிவு என்று வைத்துக்கொண்டன. பதிவு குறை சொல்ல முடியாத சொல்தான். ஆனால் போலீஸ் நிலையத்தில் 'வழக்குப் பதிவு', நீதிமன்றத்தில் 'குற்றச்சாட்டு பதிவு' என்று இரண்டு பதிவுகள் வருவதில் படிக்கிறவர் குழம்பிப்போகிறார். நடுவில் 'குற்றப்பத்திரிகை தாக்கல்' வேறு. அதை ஆங்கிலத்தில் சார்ஜ் ஷீட் என்கிறோம், ஆனால் சட்டம் அதைப் போலீஸ் அறிக்கை என்றுதான் சொல்கிறது. எழுதியது போலீஸ். அதைக் குற்றப்'பத்திரிகை' என்று கேட்கும்போதே ஏதோ தீர்ப்பு அச்சாகி வந்த மாதிரி தோன்றுகிறது.

சாட்டு என்ற சொல்லையே நாம் சரியாகக் காதில் வாங்குவதில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். என் அம்மா சத்தியமங்கலத்துக்காரர். பங்குனியில் பண்ணாரி அம்மனுக்குப் பூச்சாட்டு என்றால் ஊரே பரபரப்பாகும். பூச்சாட்டினால் திருவிழா தொடங்கிவிட்டது என்று பொருள். அப்புறம் சப்பரம் ஊர் ஊராகச் சுற்றி வர வேண்டும், நாட்கள் போக வேண்டும், கடைசியில்தான் குண்டம், அதாவது தீமிதி. பூச்சாட்டு அன்றைக்கே யாராவது குண்டம் இறங்கியாகிவிட்டது என்று சொன்னால் அம்மா என்ன சொல்வார்! குற்றச்சாட்டும் அதே சாட்டுதான். அறிவித்திருக்கிறார்கள், இனிமேல்தான் எல்லாம்.

தையல்காரர் வந்துபோனதற்கு மறுநாள் இரண்டு வரித் திருத்தம் போட்டோம், உள்பக்கத்தில். அதற்குமேல் எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். அதில் சார்ஜுக்கு மட்டும் ஆறு பக்கம் ஆனது. அதைப் புதிதாக வந்த பையன்களுக்குப் படிக்கக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் 'ஏ1' என்று பெரிதாக எழுதியிருந்தேன். அக்யூஸ்டு ஒன்று, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவர். இதை இன்றைக்கும் நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் கூசாமல் 'முதல் குற்றவாளி' என்றுதான் சொல்கின்றன. விசாரணையே தொடங்காத வழக்கில் முதல் குற்றவாளி, இரண்டாவது குற்றவாளி, பதினோராவது குற்றவாளி. நீதிமன்றம் தன் ஆவணத்தில் 'முதல் எதிரி' என்று எழுதுகிறது. கேட்கக் கரடுமுரடாக இருந்தாலும் அது வழக்கின் இரண்டு தரப்பில் ஒரு தரப்பு என்றுதான் சொல்கிறது, தீர்ப்புச் சொல்லவில்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளை இணையத்தில் படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். கைதானவரை அவர்கள் 'சந்தேகநபர்' என்று எழுதுகிறார்கள். ஒரே சொல்லாகச் சேர்த்து, சாதாரணமாக, ஒவ்வொரு செய்தியிலும். அங்கே மேல் நீதிமன்றத்தில் தாக்கலாவது 'குற்றப்பகர்வுப் பத்திரம்'. பகர்தல் என்றால் சொல்லுதல். சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே. இந்தச் சொற்களை நாம் கடன் வாங்கினால் என்ன என்று செய்தி ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டேன். நம் வாசகருக்கு அந்நியமாக இருக்கும் என்றார். சந்தேகம் என்ற சொல் எந்தத் தமிழருக்கு அந்நியம்?

2013-ல் தீர்ப்பு

வழக்கு நாலு வருடம் இழுத்தது. நடுவில் ஒரு தடவை அந்தச் சந்து வழியாகப் போனபோது தையல்காரரிடம் விசாரித்தேன். தம்பிக்கு ஊரில் இருக்க முடியவில்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார், வாய்தாவுக்கு மட்டும் வந்துபோகிறார் என்றார். வழக்கா தலைப்பா எது அவரை ஊரை விட்டு விரட்டியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் என் மனம் நோகச் சொல்லியிருக்க மாட்டார்.

2013-ல் தம்பி விடுதலை ஆனார். குற்றச்சாட்டைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க அரசுத் தரப்பு தவறிவிட்டது என்று தீர்ப்பு. அந்தச் செய்தியை எங்கள் நிருபர் அனுப்பவில்லை. தையல்காரர்தான் போன் செய்து சொன்னார். நான் தீர்ப்பின் நகலைப் பார்த்து எழுதி, செய்தி ஆசிரியரிடம் கொடுத்தேன். மூன்று காலம் கேட்டேன். அன்றைக்கு விளம்பரம் அதிகம். நாலு வருடத்துக்கு முந்தைய உள்ளூர் வழக்கு, யாருக்கு நினைவிருக்கும் என்றார்கள். கடைசியில் ஏழாம் பக்கத்தில் சிங்கிள் காலம், பதினாறு வரி கிடைத்தது. தலைப்பில் 'விடுதலை' என்ற சொல் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாறு வரியையும் நிதானமாகப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். "சரியா இருக்கு தம்பி" என்றார். அதுவரை என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெரிய கத்தரிக்கோலை எடுத்து, துணியை வெட்டுகிற அதே கவனத்தோடு, செய்தியை ஓரம் பிசிறில்லாமல் வெட்டினார். மேஜை இழுப்பறையில் பட்டன் டப்பாவுக்கு அடியில் ஒரு பாலித்தீன் உறை இருந்தது. அதற்குள் என் பழைய தலைப்பு, மஞ்சளாகிப்போய், மூன்று கால அகலத்துக்கு மடித்து இருந்தது. புதியதை அதன் மேல் வைத்தார். விரல் அகலத் துண்டு. பழையதின் இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் உறையை மூடி உள்ளே வைத்துவிட்டு, யாருக்கோ மதியத்துக்குள் ஒரு சட்டை கொடுக்க வேண்டும் என்று மெஷினில் உட்கார்ந்தார்.